மேக்கணக்கு

"எந்த இடம்?" என்றேன்.
"மேக்கணக்கு" என்றாள்.
என் திரையில் அப்படி ஒரு ஊர் இல்லை.
நான் மட்டக்களப்பு; மலை எனக்கு
வரைபடத்தில் ஒரு பச்சைக் கறை.
"ரோட்டுப் பேர்? வீட்டு நம்பர்?"
"வீடில்லம்மா, மலை. ஏழாம் நம்பர் மலை.
குளவி கொட்டிருச்சு."

பெயர் பூங்காவனம்.
மஸ்கெலியாவுக்கு மேலே வெள்ளிமலைத் தோட்டம்,
பாலம் தாண்டி, மாடசாமி கோயில் தாண்டி, அதற்கும் மேலே.
அவளுக்கு முகவரி என்பது
ஏறிப் போகிற வரிசை.
வண்டி புறப்பட்டது. பதினொரு கிலோமீட்டர்.
எங்கள் ஊரில் அது கால் மணி நேரம்கூட இல்லை.
எவ்வளவு ஆகும் என்று ஓட்டுநரைக் கேட்டேன்.
"அங்கே மழையா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"அவங்க பக்கத்தில இருக்கிறீங்களா?"
"இல்லம்மா. அமிர்தவள்ளி கீழ கெடக்குறா.
இந்தப் பாறையில நின்னாத்தான் டவர் வரும்.
எறங்கினா நீங்க போயிருவீங்க."

நோயாளியின் அருகே செல்லவும்
என்றுதான் தொடங்குகிறது என் கையேடு.

"நீங்க கத்தினா அங்க கேக்குமா?"
"எனக்குக் கீழ செபமாலை நிக்கிறா.
அவளுக்குக் கீழ இன்னும் ஆளிருக்கு."

கூட்டை விட்டுத் தள்ளித் தூக்கச் சொன்னேன்.
பூங்காவனம் அதைக் கீழே எறிந்தாள்.
செபமாலை பிடித்து எறிந்தாள்.
மூன்றாவது வாயில் அது
வெறும் "தூக்கு" ஆகியிருந்தது.
போதும். படங்கில் போட்டுத் தூக்கினார்கள்.

"மூச்சு இருக்கா?"
ஒரு கேள்வி மலை இறங்கி
ஒரு பதில் மலை ஏற
ஒன்பது விநாடி.
"இழுத்துச்சாம். இப்ப இல்லையாம்."

நெஞ்சுக்கு நடுவே உள்ளங்கை. முழங்கை மடங்காமல்.
"கூடையில கொழுந்த அமுக்கினா கங்காணி ஏசுவாரு,
அந்த மாதிரி அமுக்கவா?"
"அதைவிடப் பலமா. வேகமா.
முப்பது வரை எண்ணுங்க, திரும்ப ஒன்றிலிருந்து."
ஒன்று இறங்கியது. இரண்டு இறங்கியது.
மூன்றில் அழைப்பு அறுந்தது.

திருப்பி எடுத்தேன். மூன்று மொழியில்
தொடர்புகொள்ள முடியாது என்றது ஒரு பெண்குரல்.
மறுபடி. மறுபடி.
பக்கத்து மேசையில் துஷாரி சிங்களத்தில்
யாருக்கோ பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள்;
தலையை மட்டும் திருப்பினாள்.
அப்போதுதான் தெரிந்தது,
நான் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தது.

நான்கு நிமிடம். பிறகு காற்று.
காற்றுக்குப் பின்னால்
"நானூத்தி முப்பத்தொம்போது. நானூத்தி நாப்பது."

முப்பதில் திரும்பச் சொன்னதை
மலை எங்கேயோ விழுங்கியிருந்தது.
ஒன்றிலிருந்து நேராக ஏறிக்கொண்டிருந்தார்கள்.
"கை மாத்தினீங்களா?"
"மூணு பேரு மாத்தியாச்சு."
எண்ணை நான் திருத்தவில்லை.

ஆயிரம் போனது. ஒருத்திக்குத் தொண்டை கட்டியது,
இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள்.
வண்டி பாலத்தில் நின்றுவிட்டது; மீதி நடை.
ஆயிரத்து அறுநூறுக்குப் பக்கத்தில்
"பையத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரு வாறாங்க" என்றாள்.
பிறகு, "அவங்க கைய வச்சிட்டாங்க.
நாங்க நிப்பாட்டலாமான்னு கேக்குறாளுக."

என்னிடம் கேட்டார்கள்.
பக்கத்தில் நிற்கிறவரிடம் அல்ல.

"நிப்பாட்டலாம்."
அது இறங்கிப் போனது.
எண்ணிக்கை எல்லா வாயிலும் ஒன்றாக நிற்கவில்லை.
முதலில் பாறை. அடுத்து செபமாலை.
கீழே யாரோ ஒருத்தி
இன்னும் மூன்று எண் தனியாகப் போனாள்.

படிவத்தில் அழைத்தவர் பெயருக்கு ஒரு கட்டம்.
பூங்காவனம் என்று எழுதினேன்.
உதவியவர்கள் என்று ஒரு கட்டம் இல்லை.
முடிவு: ஒப்படைக்கப்பட்டது.
அதற்குப் பிறகு நடப்பதை
எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.
இடம்: மேக்கணக்கு.
கணினி சிவப்புக் கோடு போட்டது.
அழித்துவிட்டு, அதையே
மறுபடியும் அடித்தேன்.